பணம் வாங்கும் கையும் கணக்கு எழுதும் கையும்

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்குச் சேமிப்பு புதிதல்ல. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய குமாஸ்தாக்களும், தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வாழும் தொழிலாளர்களும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த பணம்தான் ஊரில் வீடாகவும், தங்கையின் கல்யாணமாகவும், தம்பியின் படிப்பாகவும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் அந்தப் பணம் தபாலாபீஸ், ஆயுள் இன்ஷூரன்ஸ், ஏலச் சீட்டு, நகை என்ற நான்கு வழிகளில்தான் போகும். இப்போது ஐந்தாவது வழியாக மியூச்சுவல் ஃபண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

இது சிறு வழியல்ல. நாட்டிலுள்ள மியூச்சுவல் ஃபண்டுகளின் பொறுப்பில் இருந்த சொத்து 2023 டிசம்பரில் முதன்முறையாக ரூ. 50 லட்சம் கோடியைத் தாண்டியது. மாதாமாதம் தவணையாகக் கட்டப்படும் பணம் மட்டும் 2024 ஏப்ரலில் ரூ. 20,000 கோடியைத் தாண்டிற்று. ஐந்நூறும் ஆயிரமுமாகக் கட்டுகிற சாமானியர்களின் பணமும் இதில் அடக்கம்.

"நான் எந்த ஃபண்டிலும் பணம் போடவில்லை, எனக்கு இந்தக் கவலை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தொழிலாளர் பிராவிடண்டு பண்டுப் பணத்தை முதலீடு செய்யும் பொறுப்பை நெடுங்காலம் ஸ்டேட் பாங்க் மட்டுமே வகித்து வந்தது. 2008-ல் தனியார் நிர்வாக நிறுவனங்கள் மூன்று அதனுடன் சேர்க்கப்பட்டன. 2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய சர்க்காரின் சிவில் உத்தியோகங்களில் சேர்ந்தவர்களின் ஓய்வூதியப் பணமும், புதிய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ், இத்தகைய நிர்வாகிகளின் கைக்கே போனது. ஆகவே, சம்பளப் பட்டியலில் பிடித்தம் என்று ஒரு வரி இருந்தாலே போதும்; நம் பணத்தை முன்பின் அறியாத ஒருவர் நிர்வகிக்கிறார் என்று பொருள்.

அப்படியிருக்க, பணத்தைக் கொடுக்கும்போது நம்மவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எவ்வளவு கிடைக்கும்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அங்கே கணக்கு எழுதுவது யார்? அதைச் சரிபார்ப்பது யார்?" இந்த இரண்டாவது கேள்வியைத் தொழிலாகவே கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அவற்றுக்குத் தர நிர்ணய நிறுவனங்கள் என்று பெயர். அவை எதைப் பார்க்கின்றன, எதைப் பார்ப்பதில்லை, அவற்றின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைச் சாதாரண மக்களும் அறிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

மூன்று விதச் சான்றுகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தரச்சான்று என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் பேசப்படுகின்றன.

ஒரு கம்பெனி கடன் பத்திரம் வெளியிடும்போது, அந்தக் கடனைத் தவணை தவறாமல் திருப்பித் தருமா என்று சொல்வது முதல் வகை. மூன்று 'ஏ' என்றால் மிக உயர்ந்தது, 'டி' என்றால் தவறிவிட்டது என்ற கணக்கு இதைச் சேர்ந்தது. இந்தியாவில் 1987-ல் கிரிசில், 1991-ல் இக்ரா, 1993-ல் கேர் என வரிசையாகத் தோன்றிய நிறுவனங்களின் முதன்மைத் தொழில் இதுதான். ஒரு ஃபண்டுத் திட்டம் கடந்த ஆண்டுகளில் எவ்வளவு லாபம் காட்டியது என்று பார்த்து நட்சத்திரம் போடுவது இரண்டாவது வகை. ஏஜெண்டுகள் நம்மிடம் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். இது நேற்றைய மழையின் அளவைச் சொல்லுமே தவிர, நாளைய மழையைச் சொல்லாது.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது கடன் பத்திரத்தைப் பற்றியதல்ல, லாபத்தைப் பற்றியதுமல்ல. பணத்தை நிர்வகிக்கும் அந்த ஸ்தாபனம் ஒழுங்காக நடக்கிற ஸ்தாபனமா என்பதைப் பற்றியது. அமெரிக்காவின் மூடீஸ், ஃபிட்ச் போன்ற நிறுவனங்கள் நிர்வாக நிறுவனங்களை இவ்வாறு எடைபோட்டு, உயர்ந்தது முதல் மோசமானது வரை ஐந்து படிகளில் வரிசைப்படுத்தின. பெரும் பணக்காரர்களின் பணத்தை நிர்வகிக்கும் 'ஹெட்ஜ் ஃபண்டு'களின் அலுவலக நடைமுறையை மட்டும் ஆராய்வதற்கென்று மூடீஸ் 2006-ல் தனித் தரவரிசையே தொடங்கியது. நம் நாட்டிலும் கிரிசில் போன்றவை ஃபண்டு நிறுவனங்களுக்கு இத்தகைய தரவரிசை தந்திருக்கின்றன. ஆனால் நட்சத்திரத்துக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை. சாமானியனுக்கு மிகவும் பயன்படக்கூடியது இந்த மூன்றாவது வகைதான் என்பது நம் கருத்து.

அலுவலகத்துக்குள் என்ன பார்க்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரப் படிப்பு வேண்டியதில்லை. ஏலச் சீட்டுக் கட்டிய அனுபவமே போதும். சீட்டுப் பிடிப்பவரே பணம் வாங்குகிறார். அவரே பெட்டியில் வைக்கிறார். அவரே ஏலம் விடுகிறார். நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதும் அவரே. அவர் நாணயமானவராக இருக்கும்வரை எல்லாம் நன்றாகவே நடக்கும். நாணயம் தவறும் நாளில், அவர் ஊரைவிட்டுப் போன பிறகுதான் நமக்குத் தெரியும். நான்கு வேலைகளும் ஒரே கையில் இருந்ததுதான் அதற்குக் காரணம்.

தர நிர்ணய நிறுவனத்தின் ஆட்கள் ஒரு நிர்வாக நிறுவனத்துக்குள் நுழைந்ததும் தேடுவதும் இதைத்தான். ஷேர் வாங்கலாம் என்று முடிவு செய்பவர் ஒருவர். சந்தையில் விலை பேசி வாங்குபவர் வேறொருவர். வாங்கியதைக் கணக்கில் ஏற்றுபவர் மூன்றாமவர். வாங்கிய பத்திரங்களைப் பத்திரமாக வைத்திருப்பது வெளியிலுள்ள கஸ்டோடியன் என்னும் காப்பாளர். இப்படிப் பிரிந்திருக்கிறதா? நிறுவனத்தின் புத்தகத்தில் உள்ள கணக்கும், காப்பாளரிடம் உள்ள இருப்பும், பாங்கிலுள்ள ரொக்கமும் நாள்தோறும் ஒத்துப் பார்க்கப்படுகின்றனவா? பாங்கில் வேலை பார்க்கும் குமாஸ்தாக்களுக்கு இதன் அருமை தெரியும். மாலையில் கணக்கு டாலி ஆகாவிட்டால் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காகக்கூட வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்.

அடுத்ததாக விலை நிர்ணயம். தினமும் சந்தையில் கைமாறும் ஷேருக்கு விலை தெரியும். மாதக்கணக்கில் கைமாறாத கடன் பத்திரத்துக்கு என்ன விலை? அதை வாங்கியவரே விலையும் சொன்னால், தம் தவறை மறைக்கத் தோன்றும். ஆகவே விலை சொல்பவர் வேறாக இருக்க வேண்டும். ஃபண்டின் ஒரு யூனிட் இன்று என்ன மதிப்பு என்ற கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

அபாயத்தைக் கவனிக்கும் அதிகாரி யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்பதும் முக்கியம். பணத்தை முதலீடு செய்யும் அதிகாரிக்குக் கீழேயே அவர் இருந்தால், "இது வரம்பு மீறல்" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நேரே நிர்வாகக் குழுவிடமோ, தலைவரிடமோ போகும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். வரம்பு எத்தனை முறை மீறப்பட்டது, ஒவ்வொரு முறையும் யார் கையெழுத்திட்டு அனுமதித்தார் என்ற பதிவையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

ஆட்களைப் பற்றியும் விசாரிப்பார்கள். அனுபவமுள்ளவர்கள் எத்தனை பேர்? கடந்த சில ஆண்டுகளில் எத்தனை பேர் விலகினார்கள்? ஒரே ஒரு கெட்டிக்காரரை நம்பி எல்லாம் நடக்கிறதா? அவர் நாளைக்கு வராவிட்டால் என்ன ஆகும்? ஒரு பத்திரத்தை ஏன் வாங்கினார்கள் என்பதற்கு எழுத்தில் காரணம் இருக்கிறதா, அல்லது "அவருக்குத் தோன்றியது, வாங்கினார்" என்பதுதான் பதிலா?

விலை பேசும் அறையில் தனி ஒழுங்கு வேண்டும். பெரிய ஃபண்டு ஒரு ஷேரை லட்சக்கணக்கில் வாங்கப் போகிறது என்றால் விலை ஏறும். அதை முன்கூட்டியே அறிந்த உள்ளாள் தமக்கென்று முதலில் வாங்கி வைத்துக்கொண்டால், அந்த லாபம் நம் சட்டைப் பையிலிருந்து போனதாகும். இதற்காகத்தான் அந்த அறையில் பேசப்படும் தொலைபேசிப் பேச்சுகள் பதிவு செய்யப்படுகின்றன. கைப்பேசிக்கு இடம் இல்லை. விதி காகிதத்தில் இருக்கிறதா என்பதோடு, பதிவை யாராவது கேட்டுப் பார்க்கிறார்களா என்பதையும் ஆராய்வார்கள்.

கம்ப்யூட்டர்களின் நிலைமை, வெள்ளம் வந்தாலோ தீ பிடித்தாலோ வேலை நடத்த வேறு ஊரில் மாற்று அலுவலகம், வெளியாரிடம் ஒப்படைத்த வேலைகளின் மீது கண்காணிப்பு, முதலீட்டாளர்களின் புகார்கள் எத்தனை நாளில் தீர்க்கப்படுகின்றன என்பது, நிறுவனத்தின் சொந்தக்காரர் யார், கஷ்டம் வந்தால் பணம் போட அவருக்குத் தெம்பு உண்டா என்பது ஆகியவையும் இந்த ஆராய்ச்சியில் அடங்கும். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, மாற்று ஏற்பாடு என்பது காகிதத்துக்கு வெளியேயும் இருந்ததா என்று ஒவ்வொரு நிறுவனமும் சோதிக்கப்பட்டது.

ஆகமொத்தம், இந்தத் தரவரிசை சொல்வது இதுதான்: "இங்கே உங்கள் பணம் வளருமா என்று சொல்ல மாட்டோம். இங்கே உங்கள் பணம் காணாமல் போகாது, கணக்கு தவறாது, தவறினாலும் சீக்கிரம் கண்டுபிடிக்கப்படும் என்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வோம்."

நியூயார்க்கும் மும்பையும்

கைகள் பிரியாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. பெர்னார்ட் மேடாஃப் என்பவர் ஒரு காலத்தில் நாஸ்டாக் ஷேர் மார்க்கெட்டின் தலைவராகவே இருந்தவர். அவரிடம் பணம் கொடுத்தவர்களுக்கு ஆண்டுதோறும் ஏற்றத்தாழ்வில்லாமல் லாபம் வந்துகொண்டிருந்தது. 2008 டிசம்பரில் அவர் கைதானபோதுதான் உண்மை வெளிவந்தது. வாடிக்கையாளர்களுக்கு அவர் அனுப்பிய கணக்குகளில் இருந்த தொகை ஏறக்குறைய 6,500 கோடி டாலர். அந்த ஷேர்கள் வாங்கப்படவே இல்லை. முடிவு செய்தவர் அவரே. வாங்கியதாகச் சொன்னது அவர் கம்பெனியே. பத்திரங்களை வைத்திருந்ததாகச் சொன்னதும், கணக்கு அச்சடித்து அனுப்பியதும் அதே கம்பெனி. இவ்வளவு பெரிய ஸ்தாபனத்துக்குத் தணிக்கை செய்தது ஒரு சின்னஞ்சிறு ஆடிட்டர் அலுவலகம். 2009-ல் அவருக்கு 150 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. லாபக் கணக்கை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். "பத்திரங்கள் யாரிடம் இருக்கின்றன?" என்று கேட்டு, வெளிக் காப்பாளர் இல்லை என்று கண்டு விலகியவர்கள் தப்பினார்கள்.

நம் மும்பையிலேயே நடந்த கதை வேறு விதமானது. அங்கே மோசடி நோக்கம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கை பிரியாமையின் பலன் அங்கும் தெரிந்தது. சாமானியர்களின் சேமிப்புக்காகப் பார்லிமெண்ட் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா, 1964-ல் யூனிட் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி ஆசிரியர்களும், குமாஸ்தாக்களும், ஓய்வு பெற்றவர்களும் சர்க்கார் பெட்டியில் போடுவது போன்ற நம்பிக்கையுடன் அதில் போட்டார்கள். அதன் யூனிட்டை என்ன விலைக்கு விற்பது, என்ன விலைக்குத் திரும்ப வாங்குவது என்பதை டிரஸ்ட்டே தீர்மானித்தது. உள்ளே இருக்கும் சொத்தின் உண்மை மதிப்போடு அந்த விலை பிணைக்கப்படவில்லை. நிர்வகிப்பதும் அதே ஸ்தாபனம். முதலீட்டாளர்களின் சார்பில் மேற்பார்வை செய்ய வேண்டிய டிரஸ்டியும் அதே ஸ்தாபனம்.

உண்மை மதிப்புக்கும் சொன்ன விலைக்கும் இடைவெளி வளர்ந்துகொண்டே போயிற்று. 2001 ஏப்ரல், மே மாதங்களில் ரூ. 4,000 கோடிக்கு மேல் யூனிட்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டுப் பணமாக்கப்பட்டன. அதில் பெரும்பகுதி பெரிய கம்பெனிகளுடையது. 2001 ஜூலை 2-ம் தேதி, ஆறு மாதத்துக்கு விற்பனையும் இல்லை, திரும்ப வாங்குவதும் இல்லை என்று கதவு சாத்தப்பட்டது. அப்போது அதில் பணம் போட்டிருந்தவர்கள் சுமார் 2 கோடிப் பேர். மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்களும், மருத்துவச் செலவுக்கு அதையே நம்பியிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பின்னர், ஒருவருக்கு 3,000 யூனிட்கள் வரை, ஆகஸ்ட் மாதம் யூனிட்டுக்கு ரூ. 10 என்று தொடங்கி, மாதம் 10 காசு கூட்டித் தருவதாக ஏற்பாடு செய்தார்கள். சில வாரங்களுக்கு முன் 14 ரூபாய்க்கு மேல் விலை போன யூனிட் அது. உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரிக்கும் வசதி படைத்தவர்கள் முன்வாசல் வழியாகப் பணத்தோடு வெளியேறினார்கள். விசாரிக்க வழியில்லாத சிறியவர்கள் உள்ளே அகப்பட்டார்கள்.

2002 ஜனவரியிலிருந்து யூனிட்டின் விலை அதன் நிகர மதிப்போடு இணைக்கப்பட்டது. 2003 பிப்ரவரியில் டிரஸ்ட்டே இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மற்ற மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு 1996-ல் செபி வகுத்த விதிகள், நிறுவுபவர், டிரஸ்டி, நிர்வாக நிறுவனம், காப்பாளர் என்று நான்கு கைகளாக வேலையைப் பிரித்திருந்தன. யூனிட் டிரஸ்ட்டின் ஒரு பகுதி அந்த ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்டது. இதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் 2 கோடிப் பேர் கலங்கியிருக்க வேண்டியதில்லை.

சான்றிதழின் எல்லை

இவ்வளவும் சொன்னதால், உயர்ந்த தரவரிசை பெற்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பணம் போடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, நடைமுறை ஒழுங்காக இருந்தும் முடிவு தவறாகப் போகலாம். 2020 ஏப்ரல் 23-ம் தேதி, நாடறிந்த ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன்னுடைய ஆறு கடன் திட்டங்களை மூடிவிட்டதாக அறிவித்தது. சுமார் 3 லட்சம் பேருக்குச் சொந்தமான ஏறக்குறைய ரூ. 25,000 கோடி அதில் முடங்கியது. அதிக வட்டிக்காகத் தரம் குறைந்த கடன் பத்திரங்களை அந்தத் திட்டங்கள் நிறைய வாங்கியிருந்தன. கொரோனா காலத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பணம் கேட்டபோது, அவற்றை விற்க ஆள் கிடைக்கவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 2021 பிப்ரவரியில் கோர்ட்டு உத்தரவின்படி, ஸ்டேட் பாங்கின் ஃபண்டு நிர்வாக நிறுவனம் மூலம் பட்டுவாடா தொடங்கியது. நிர்வாகத்தில் குறைகள் கண்டதாகக் கூறி 2021 ஜூனில் செபி அபராதம் விதித்தது. அதை எதிர்த்து நிறுவனம் மேல்முறையீடு செய்தது. முடிவில், மூடிய நாளில் இருந்த மதிப்பைவிடச் சற்று அதிகமாகவே பணம் திரும்பியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவசரத்துக்கு எடுக்கலாம் என்று போட்டவனுக்கு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வரும் பணம் அந்த அவசரத்துக்கு உதவாது.

இரண்டு, சான்றிதழ் கொடுப்பவருக்குக் கூலி கொடுப்பது யார் என்ற கேள்வி. கடன் பத்திரமாக இருந்தாலும், நிர்வாக நிறுவனமாக இருந்தாலும், தரம் பார்க்கச் சொல்லிப் பணம் கொடுப்பது பெரும்பாலும் தரம் பார்க்கப்படுகிறவரே. மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய தரகரிடமே மாப்பிள்ளையின் குணத்தை விசாரிப்பது போன்றது இது. தரகர் பொய் சொல்வார் என்று அர்த்தமில்லை. ஆனால் குறையை எவ்வளவு அழுத்திச் சொல்வார் என்பது சந்தேகமே. 2018-ல் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பித் தரத் தவறியபோது நாடு இதைக் கண்டது. மூன்று 'ஏ' பெற்றிருந்த அதன் தரம், சில வாரங்களுக்குள் 'டி' நிலைக்குச் சரிந்தது. பல ஃபண்டுகளும், தொழிலாளர்களின் பிராவிடண்டு பண்டு டிரஸ்ட்டுகளும் அதில் பணம் போட்டிருந்தன. அந்தச் சான்றுகளை வழங்கியதில் கவனக்குறைவு காட்டியதாக 2019 டிசம்பரில் செபி சில தர நிர்ணய நிறுவனங்களுக்குத் தலா ரூ. 25 லட்சம் அபராதம் விதித்தது. முடங்கிப்போன தொகையோடு ஒப்பிட்டால் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

என்ன செய்ய வேண்டும்?

தர நிர்ணயமே பயனற்றது என்பது நம் வாதமல்ல. ஒரு நிறுவனத்தின் உள்ளே சென்று கணக்கறையைப் பார்க்கும் வசதி சாமானியனுக்கு இல்லை. அவன் சார்பில் யாராவது பார்க்கத்தான் வேண்டும். பார்ப்பவர் அவனுக்காகப் பார்க்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

முதலாவதாக, நிர்வாக நிறுவனங்களின் நடைமுறையை ஆராய்வது விருப்பப்பட்டவர்கள் மட்டும் செய்துகொள்ளும் அலங்காரமாக இருக்கக் கூடாது. மக்களிடம் பணம் வாங்கும் எல்லா நிறுவனங்களும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை இதற்கு உட்பட வேண்டும். நல்ல தரம் கிடைத்தவர்கள் மட்டும் விளம்பரம் செய்வதும், குறைந்த தரம் கிடைத்தவர்கள் ஓசைப்படாமல் ஒதுங்கிக்கொள்வதும் அப்போது நிற்கும்.

இரண்டாவதாக, இதற்கான கட்டணம் அந்தந்த நிறுவனத்தின் கையிலிருந்து நேரே போகக் கூடாது. 2012 முதல் ஃபண்டுகள் தங்கள் சொத்தில் ஒரு சிறு பகுதியை முதலீட்டாளர் விழிப்புணர்வுக்கென்று ஒதுக்கும் ஏற்பாடு உண்டாயிற்று. அந்த மாதிரியில் ஒரு பொது நிதி அமைத்து, யாரை யார் ஆராய்வது என்பதைச் செபியே முறை வைத்து ஒதுக்கலாம். ஒரே தரகர் ஒரே வீட்டுக்குப் பல ஆண்டுகள் போய்வரும் நிலையும் இதனால் மாறும்.

மூன்றாவதாக, அறிக்கை முழுவதும் வெளியிடப்பட வேண்டும். அதுவும் மக்கள் மொழிகளில். ஐந்து படிகளில் இது இரண்டாவது படி என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த இடத்தில் குறை கண்டார்கள் என்று சொல்ல வேண்டும். இது நடக்காத காரியமல்ல. எல்லோரும் ஒரே சமயத்தில் பணம் கேட்டால், சொத்தில் பாதியை விற்றுக் கொடுக்க எத்தனை நாளாகும் என்ற கணக்கை, சிறு, நடுத்தரக் கம்பெனிகளின் ஷேர்களில் முதலீடு செய்யும் திட்டங்கள் 2024 மார்ச்சில் வெளியிடத் தொடங்கின. வெளியிட்டதால் எந்த ஃபண்டும் கவிழ்ந்துவிடவில்லை. அதே வெளிச்சம் கணக்கறைக்கும் வரட்டும்.

நான்காவதாக, பிராவிடண்டு பண்டு, ஓய்வூதிய நிதி ஆகியவற்றை நிர்வகிப்பவர்களுக்கு இந்த ஆராய்ச்சி இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்டு பிடிக்காவிட்டால் பணத்தை எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம். சம்பளத்தில் பிடிக்கப்படும் பிராவிடண்டு பண்டுப் பணத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. போக வழியில்லாதவனின் பணத்துக்குத்தான் காவல் அதிகம் தேவை. தொழிற்சங்கங்கள் போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் காட்டினால், தொழிலாளிக்கு நன்மை உண்டு.

நாமே செய்யக்கூடியவை

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கைகள் பிரிந்திருக்க வேண்டும் என்ற விதியை நம் அளவில் நாமே கடைப்பிடிக்கலாம்.

பணத்தை ஏஜெண்டின் கையிலோ, அவர் பெயருள்ள கணக்கிலோ ஒருபோதும் செலுத்தக் கூடாது. ஃபண்டின் பெயருக்கே போக வேண்டும். விண்ணப்பத்தில் எழுதும் தொலைபேசி எண்ணும் முகவரியும் நம்முடையதாக இருக்க வேண்டும். "என் நம்பரையே போட்டுவிடுகிறேன், அலைச்சல் வேண்டாம்" என்று ஏஜெண்டு சொன்னால், பணம் வாங்கும் கையும் கணக்கு எழுதும் கையும் ஒன்றாகிவிட்டன என்று பொருள். இருப்புக் கணக்கை ஏஜெண்டு எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டில் பார்க்காமல், பதிவாளர் நிறுவனத்திடமிருந்து நேரே பெற்றுப் பார்க்க வேண்டும். முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும் பெரிய பதிவாளர் நிறுவனங்களில் ஒன்றான கேம்ஸின் தலைமையகம் நம் சென்னையிலேயே இருக்கிறது.

வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்கள் அடிக்கடி வீடு மாறுவார்கள். சிலர் ஊருக்கே திரும்பிவிடுவார்கள். முகவரி மாற்றாமல் மறந்துபோன முதலீடுகள் ஏராளம். அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க 2025-ல் செபி 'மித்ரா' என்ற ஏற்பாட்டை அறிவித்தது. வாரிசு நியமனம் செய்யாமல் இறந்தவர்களின் குடும்பங்கள் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் நடையாய் நடப்பதைப் பார்க்கிறோம். ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம் அது. நம் புகாருக்கு நிறுவனம் பதில் சொல்லாவிட்டால், செபியின் 'ஸ்கோர்ஸ்' முறையில் முறையிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குடியிருப்புகளில் வந்து "மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று ஆசை காட்டும் எவரிடமும் செபி பதிவு எண்ணைக் கேட்க வேண்டும். எண்ணைக் காட்டத் தயங்குபவரிடம் வேறு எதையும் கேட்கத் தேவையில்லை.

சேமித்த பணம் வளர்வது சந்தையின் கையில் இருக்கிறது. அது காணாமல் போகாமல் இருப்பது ஒழுங்கான கணக்கின் கையில் இருக்கிறது. சந்தையைச் சர்க்காரால் கட்டுப்படுத்த முடியாது. கணக்கறையைக் கட்டாயம் கட்டுப்படுத்த முடியும். அந்தக் கணக்கறைகளை ஆராயும் அறிக்கைகளை மக்கள் முன் வைக்கச் செபியும், தொழிலாளர் அமைச்சகமும், ஓய்வூதிய நிதி ஆணையமும் இனியும் தாமதிக்கக் கூடாது.